ரேக்ளாவில் கால்நடை மருத்துவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

ரேக்ளாப் பந்தயம் பற்றித் தமிழில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் மரபு, தடை என்னும் இரு சொற்களோடு தொடங்கி அவற்றோடே முடிந்துவிடுகிறது. ஒரு தரப்பு அதை மண்ணின் பண்பாடு என்கிறது. மறுதரப்பு வதை என்கிறது. இரு தரப்பும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சந்திக்கின்றன. அது கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று. மருத்துவர் பார்த்த பிறகுதான் வண்டி பூட்டப்படுகிறது என்று பந்தயத்தை நடத்துவோர் அச்சான்றைக் காட்டுகின்றனர். அது வெறுங்காகிதம் என்கின்றனர் எதிர்ப்போர். ஆனால் அச்சான்று எப்போது வழங்கப்படுகிறது, எதைச் சோதித்து வழங்கப்படுகிறது, அதில் கையொப்பமிடும் மருத்துவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் கேள்விகள் ஆய்வுலகில்கூட அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

பந்தயத்துக்கு முன் தரப்படும் சான்று, விலங்கைக் காப்பதைவிட நடத்துவோரையே அதிகம் காக்கிறது. மருத்துவரின் தீர்ப்பு பந்தயம் முடிந்த பின்னரும், பரிசு கைமாறுவதற்கு முன்னரும் வரவேண்டும். அவ்வாறு வராத வரை எத்துணை நேர்மையான மருத்துவரும் நம்பத்தகாதவராகவே தோன்றுவார். இவ்வாதத்தை முன்வைப்பதே இப்பதிவின் நோக்கம்.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கும் எல்லைப் பகுதி இவ்வாதத்துக்கு மிகப் பொருத்தமான களம். வடக்கில் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய வழிகள் பாலக்காட்டுப் பகுதியைக் கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளோடு சேர்க்கின்றன. நடுவே சின்னாறு வழியாக மறையூரும் உடுமலையும் இணைகின்றன. தெற்கில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகியவை இடுக்கியின் மலைகளைக் கம்பம் பள்ளத்தாக்கோடு சேர்க்கின்றன. தமிழ் பேசும் உழவர்களும், மாட்டு வணிகர்களும், விலங்குகளும் அன்றாடம் கடக்கும் வழிகள் இவை. இவ்வெல்லையின் இரு முனைகளிலும் வண்டிப் பந்தயம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே விளையாட்டு அல்ல. வேறுபாடு ஓட்டும் உத்தியில் இருக்கிறது. உத்தி மாறும்போது விலங்கின் உடலில் விழும் சேதமும் மாறுகிறது.

கொங்குப் பகுதியின் ரேக்ளா நேரத்தை எதிர்த்து ஓடும் பந்தயம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் மண் ஓடுபாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே ஓடும். தொலைவு 200 மீட்டர் அல்லது 300 மீட்டர். மின்னணுக் கருவி விநாடியின் பின்னங்களை அளக்கிறது. முந்துவதற்கோ மறிப்பதற்கோ பக்கத்தில் வேறு வண்டி இல்லை. ஆகவே சாரதியின் திறமை முழுவதும் மூன்று இடங்களில் ஒடுங்குகிறது: புறப்பாடு, நேர்கோடு, இணை. இடத்து மாடும் வலத்து மாடும் ஒரே கணத்தில் கால் எடுக்கவேண்டும். ஒன்று அரை அடி பிந்தினாலும் நுகத்தடி சாயும், வண்டி கோணும், நேரம் போகும். இணை சேர்ப்பதற்குப் பல மாதப் பழக்கம் தேவை. இவ்வளவில் இது உழவுத் தொழிலிலிருந்து வந்த உண்மையான அறிவு. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் பின்னங்களில் வெற்றி தீர்மானிக்கப்படும்போது, புறப்பாட்டின் முதல் சில அடிகளுக்காக எதையும் செய்யும் தூண்டுதல் பிறக்கிறது. வாலை முறுக்குவது, வாலைக் கடிப்பது, தார்க்குச்சியால் குத்துவது ஆகியவை அந்தச் சில அடிகளுக்காகவே. நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குத் தாவும்போது பின்னங்கால் தசைகளும் மூட்டுகளின் தசைநார்களும் திடீரெனச் சுமை ஏற்கின்றன. முடிவுக் கோட்டைக் கடந்ததும் வண்டியை நிறுத்த மூக்கணாங்கயிறு இழுக்கப்படுகிறது. உடலின் மிக நுண்ணுணர்வு கொண்ட இடங்களில் மூக்கின் நடுத்தடுப்பும் ஒன்று. இந்தச் சேதம் எதுவும் ஓடுவதற்கு முன் செய்யும் சோதனையில் தெரியாது. அது ஓட்டத்தில்தான் உண்டாகிறது. மறுநாள் காலை தொழுவத்தில்தான் வெளிப்படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கும் அதற்குக் கிழக்கே மதுரை, சிவகங்கை, தூத்துக்குடி வரை விரியும் நிலமும் வேறு வகையான பந்தயத்தை வளர்த்துள்ளன. அங்கே தார்ச்சாலையில் பல வண்டிகள் ஒன்றாகப் புறப்படும். வயதையும் உயரத்தையும் கொண்டு தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிவுகள் அழகிய பெயர்களோடு அறிவிக்கப்படும். தொலைவு மைல் கணக்கு. பெரியமாட்டுப் பிரிவுக்குப் போகவர எட்டு மைல் என்னும் அறிவிப்பு வழக்கமானது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர்.

இங்கே உத்தி முற்றிலும் மாறுகிறது. தொடக்கத்தில் இணையைப் பிடித்து வைத்து நடுவில் ஓட்டுவதா, முதலிலேயே முன்னேறிச் சாலையின் நடுவைக் கைப்பற்றுவதா, திரும்பும் எல்லையில் உள்வளைவை எடுப்பதா என்பதெல்லாம் சாரதியின் கணக்கு. துணைச் சாரதி கீழே குதித்து மாட்டோடு ஓடி விரட்டுவார், மீண்டும் தொற்றிக்கொள்வார். பின்னால் இருசக்கர வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டு துரத்தும். முந்திச் செல்லும் வண்டியை வழிமறிப்பதும் சாலையோரத்துக்குத் தள்ளுவதும் அவ்வப்போது தகராறாக வெடிப்பதுண்டு. லாடம் அடித்த குளம்பு தாரில் வழுக்கும். ஒவ்வோர் அடியிலும் கடினத் தளத்தின் அதிர்வு குளம்பெலும்பிலிருந்து தோள்வரை ஏறும். கொங்குப் பந்தயத்தின் சேதம் திடீர்ச் சுளுக்காக வருமெனில், இச்சாலைப் பந்தயத்தின் சேதம் வெப்பமாகவும் களைப்பாகவும் மூட்டுத் தேய்மானமாகவும் வரும்.

மாட்டின் உடலமைப்பு இத்தொலைவுக்கு ஏற்றதன்று. உடல் எடையோடு ஒப்பிட்டால் மாட்டின் நுரையீரல் கொள்ளளவு குதிரையினும் குறைவு. குதிரை ஓடத் தொடங்கியதும் அதன் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கலந்து, உயிர்வளியைக் கூடுதலாகச் சுமக்கச் செய்கிறது. மாட்டுக்கு அவ்வசதி அந்த அளவில் இல்லை. அசையூண் வயிற்றின் சுமையையும் அது தூக்கிக்கொண்டே ஓடுகிறது. காங்கேயம், புலிக்குளம் போன்ற நாட்டினங்கள் வெயிலைத் தாங்குபவை என்பது உண்மை. நாள் முழுதும் மெல்ல உழைத்து வெயிலைத் தாங்குவது ஒன்று. அரை மணி நேரம் முழு விசையோடு ஓடித் தாங்குவது வேறொன்று.

குதிரையின் நிலை இதனினும் கவனம் பெறாதது. பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்தில் தத்தமங்கலம் அங்காடி வேலையின் குதிரையோட்டம் புகழ்பெற்றது. தமிழகத்தில் ஈரோடு, நாமக்கல் தொடங்கித் தூத்துக்குடி வரை குதிரை வண்டிப் பந்தயம் பெரிய குதிரை, நடுக்குதிரை, சிறிய குதிரை எனப் பிரிவுகளோடு நடக்கிறது. குதிரை ஓடப் பிறந்த விலங்கு என்னும் நம்பிக்கையே அதற்குப் பகையாகிறது. குதிரையால் வாயால் மூச்சு விட இயலாது. மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று அதன் ஓட்டமும் மூச்சும் பிணைந்துள்ளன. கடிவாளத்தை இறுக்கிக் கழுத்தை வளைத்தால் மூச்சுப்பாதை குறுகும். கடும் ஓட்டத்தில் நுரையீரலின் நுண்குழாய்கள் வெடித்து இரத்தம் கசிவது பந்தயக் குதிரைகளிடையே மிகப் பரவலானது. மூக்கில் இரத்தம் வெளிப்படுவதோ சிலவற்றில் மட்டுமே. பல நாள் நிறுத்தி வைத்துத் தானியம் ஊட்டிய குதிரையைத் திடீரென ஓடவிட்டால் தசைகள் சிதைந்து சிறுநீர் கருத்து வெளியேறும் நோய் வரலாம். திருவிழாவுக்கு மட்டும் ஓடும் குதிரைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இவற்றுள் பலவும் புறப்பாட்டுக் கோட்டில் நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதவை.

குதிரையை இலேசான இருசக்கர வண்டியில் பூட்டி ஓட்டும் பந்தயம் அமெரிக்கா, கனடா, சுவீடன், பிரான்சு, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பெருந்தொழில். அதற்கென்றே வளர்க்கப்பட்ட ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்துக்கு அப்பெயர் வரக் காரணம், 1879இல் ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடவேண்டும் என்று வகுத்த தர அளவுகோல். வட அமெரிக்காவில் இன்றும் வழக்கமான பந்தயத் தொலைவு ஒரு மைல். ஒன்றரை நூற்றாண்டாகப் பந்தயத்துக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட குதிரைக்கு ஒரு மைல். உழவுக்கென்று வளர்ந்த காளைக்கு எட்டு மைல். இந்த ஒப்பீடு ஒன்றே ஆய்வாளர்களைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வைக்கவேண்டும்.

அவ்விளையாட்டின் ஒரு விதி கூடுதல் கவனத்துக்குரியது. அதில் ஓடும் குதிரை குறிப்பிட்ட நடையில் மட்டுமே ஓடவேண்டும். அளவுக்கு மீறி விரட்டப்பட்டு அது நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால், சாரதி அதை ஓரமாக ஒதுக்கி வேகம் குறைத்துப் பழைய நடைக்குத் திருப்பவேண்டும். அதற்குள் மற்றவை முந்திவிடும். அதாவது, தாங்கும் எல்லைக்கு அப்பால் குதிரையை விரட்டுவது அங்கே தோல்விக்கு வழி. இதனால் சாரதிகள் விசையைச் சேமிக்கக் கற்றுக்கொள்கின்றனர். முன்னால் ஓடும் வண்டியின் மறைவில் காற்றுத் தடையைக் குறைத்து ஓடுவதும், மறைவின்றி வெளிப்புறத்தில் மாட்டிக்கொள்ளாமல் தவிர்ப்பதும் அவர்களின் அடிப்படைப் பாடம். முன்னணிக் குதிரைக்கு வெளிப்புறமாக, காற்றை எதிர்த்தபடி ஓடும் அந்த இடத்துக்கு அவர்கள் வைத்துள்ள பெயரே சாவு இருக்கை என்பதுதான். ரேக்ளாவில் இத்தகைய விதி எதுவும் இல்லை. அளவுமீறி விரட்டுவதால் இங்கு இலாபம் மட்டுமே உண்டு, இழப்பு மாட்டுக்கு. எனவே சாரதியின் மனச்சாட்சியை நம்பி எழுதப்படும் அறிவுரைகள் பயன்படா. விதி மாறினால் உத்தி மாறும்.

சட்டத்தின் நிலையைப் பார்க்கலாம். 2011 ஜூலை 11 அன்று நடுவண் அரசு வெளியிட்ட அறிவிக்கை, பயிற்றுவித்துக் காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், விலங்கு நல வாரியம் தொடுத்த நாகராஜா வழக்கில், சல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தமிழகம், மகாராட்டிரம் மட்டுமின்றி நாட்டின் எப்பகுதியிலும் நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கேரளத்தின் மரமடியும் காளைப்பூட்டும் அத்தீர்ப்பால் பாதிக்கப்பட்டன. 2017இல் தமிழகம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழக, கருநாடக, மகாராட்டிரத் திருத்தங்களை ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று ஏற்றது. விதிகள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுவதற்கு மாவட்ட ஆட்சியர்களே பொறுப்பு என்றும் சொன்னது.

பொதுவிவாதம் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இங்குள்ளது. தமிழகத் திருத்தம் சல்லிக்கட்டு என்பதை வரையறுக்கும்போது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. காலத்தை சனவரி முதல் மே வரை என்று வரம்பிடுகிறது. மாட்டு வண்டிப் பந்தயம் அவ்வரையறையில் பெயரளவில்கூட இல்லை. ஆனால் ஆடியிலும் ஆவணியிலும் வண்டிகள் ஓடுகின்றன. மகாராட்டிரமோ வண்டிப் பந்தயத்துக்கென்றே 2017இல் தனி விதிகள் வகுத்து, தொலைவு 1000 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. சல்லிக்கட்டுக் காளைக்குத் தமிழகத்தில் விதிப்புத்தகம் இருக்கிறது. வண்டி மாட்டுக்கு அதற்கு இணையான நூல் இல்லை. குதிரை 2011ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை.

பொதுச் சட்டம் எஞ்சுகிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அடிப்பதையும் அளவுமீறி ஓட்டுவதையும் தீங்கு தரும் மருந்து கொடுப்பதையும் குற்றம் என்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகள் முள் பதித்த கோலையும் கூர்முனைக் கருவிகளையும் தடை செய்கின்றன. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்க விடக்கூடாது என்கின்றன. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் 11ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மோட்டார் வண்டியும் தங்கக் காசும் பரிசாக வைக்கப்படும் களத்தில் இத்தொகை யாரையும் தடுக்காது. ஆகவே விலங்குக்கு எஞ்சியிருக்கும் ஒரே அரண் மருத்துவர்.

அந்த அரண் எத்தகையது? பந்தய நாளில் விடியற்காலையில் நீண்ட வரிசையில் இணைகள் நிற்கும். திடலுக்கு வரும் மருத்துவர் பெரும்பாலும் கால்நடை பராமரிப்புத் துறையின் உள்ளூர் மருந்தகத்தைச் சேர்ந்தவர். அல்லது நடத்துவோர் அழைத்துவந்த தனி மருத்துவர். சில நிமிடங்களில் அவர் ஓர் இணையைப் பார்த்து முடிக்கவேண்டும். வயது, காயம், நடை, கண், மூக்கு ஆகியவற்றைப் பார்க்கலாம். இரத்தப் பரிசோதனைக்கோ மருந்துச் சோதனைக்கோ இடமில்லை. மேடையில் ஊர்ப் பெரியவர்களும் கட்சிப் பிரமுகர்களும் காத்திருப்பர். தகுதியில்லை என்று எழுதினால் அன்றைய தகராறுக்கு அவர்தான் காரணம் என்றாகிவிடும். மறுநாள் முதல் அதே உழவர்களின் கறவை மாட்டுக்கு அவர்தான் ஊசி போடவேண்டும். அதே ஊரில் அவர் பணியாற்றவேண்டும். தகுதியுண்டு என்று எழுதினாலோ எவரும் எதையும் கேட்கப்போவதில்லை. பின்னர் மாடு நொண்டினால் அது ஓட்டத்தில் நேர்ந்தது. சான்று ஓட்டத்துக்கு முந்தியது. தவறாகச் சான்றளித்ததை எந்த ஆவணமும் காட்டிக்கொடுக்காது. இவ்வமைப்பில் நேர்மைக்கு விலை உண்டு. அலட்சியத்துக்கு விலை இல்லை. நம்பத்தகாத மருத்துவர் என்பவர் தனிமனிதக் குறையால் மட்டும் உருவாவதில்லை. சரிபார்க்க இயலாத சொல்லைச் சொல்லும்படி அமர்த்தப்படும் எவரும் நாளடைவில் அவ்வாறே ஆவார்.

இதன் மறுபக்கம் தொழுவத்தில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவரே மருத்துவம் செய்யலாம் என்கிறது. சிறு சேவைகளை மட்டும் பயிற்சி பெற்ற பணியாளர் மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். நடைமுறையில் மருந்துக் கடையிலிருந்து வாங்கிய வலிநீக்கியை யார் போட்டார், எப்போது போட்டார் என்பதற்குப் பதிவேதும் இருப்பதில்லை. இது வெறும் ஊகமன்று. பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த டைக்ளோபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இல் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால், 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லிலிட்டராகக் குறைக்க அரசு ஆணையிட நேர்ந்தது. ஒரு மருந்தை மருத்துவரின் சீட்டால் கட்டுப்படுத்த முடியாமல் குப்பியின் அளவால் கட்டுப்படுத்தவேண்டிய நாடு இது. வலிநீக்கி வலியை மறைக்கும்; காயத்தை ஆற்றாது. வலி தெரியாத கால் நொண்டாது. நொண்டாத காலைப் பார்த்து மருத்துவர் தகுதிச் சான்று தருவார். அந்தக் கால் ஓட்டத்தில் முறியும். காலையில் நடையைப் பார்ப்பதை மட்டும் நம்பியிருக்கும் சோதனையை ஓர் ஊசி தோற்கடித்துவிடும்.

குதிரைப் பந்தயக் கழகங்களின் மரபில் வெற்றி பெற்ற குதிரையிடம் ஓட்டத்துக்குப் பின் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நெடுநாள் நடைமுறை. அது குதிரையின்மீது கொண்ட கருணையால் வந்ததன்று. சூதுப்பணத்தின் நேர்மையைக் காக்க வந்தது. ஆயினும் விளைவு குதிரைக்கும் ஓரளவு நன்மை. கிராமப் பந்தயத்தில் பணம் சுழல்கிறது, வென்ற இணையின் விலை பல இலட்சமாக உயர்கிறது; ஆனால் அச்சோதனை மட்டும் வந்து சேரவில்லை.

பணம் மிகுந்த நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதவும் இடமில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்க நடுவண் அரசு வழக்கறிஞர்கள் பந்தயக் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்த குற்றச்சாட்டில் 27 பேர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் வண்டிப் பந்தயக் குதிரைகளின் பயிற்றுநர்களும் கால்நடை மருத்துவர்களும் இருந்தனர். ஆய்வகத்தில் சிக்காத மருந்துகளை உருவாக்கி விற்ற சேத் ஃபிஷ்மன் என்னும் கால்நடை மருத்துவர் 2022இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 11 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மருத்துவரின் வருமானம் குதிரையின் உரிமையாளரிடமிருந்து வரும்போது, அவர் யாருக்காக உழைக்கிறார் என்னும் கேள்வி எங்கும் ஒன்றே. கம்பத்தின் திடலுக்கும் நியூயார்க் நீதிமன்றத்துக்கும் இடையே பணத்தின் அளவு வேறு; உறவின் வடிவம் வேறன்று.

மாற்று இல்லாமலில்லை. நெடுந்தொலைவுக் குதிரையோட்டம் என்னும் பன்னாட்டு விளையாட்டில் மருத்துவரின் இடம் தலைகீழாக அமைந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் குதிரை மருத்துவச் சோதனைக்குள் நுழையவேண்டும். குறித்த நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64 என்னும் அளவுக்கு இறங்கவேண்டும். நடையில் நொண்டல் இருக்கக்கூடாது. இறங்காவிட்டால் முதலில் வந்த குதிரையும் போட்டியிலிருந்து நீக்கப்படும். முடிவுக் கோட்டுக்குப் பின்னரும் அதே சோதனை. அங்கே வெற்றி என்பது முதலில் வருவதன்று. முதலில் வந்து நலமாக நிற்பது. சாரதியின் உத்தியே இதனால் மாறுகிறது: இறுதியில் விரட்டி மூச்சைத் தொலைப்பவர் பரிசையும் தொலைப்பார். இம்முறையும் குறையற்றதன்று. விலங்கு நல மீறல்களுக்காகப் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2015இல் ஐக்கிய அரபு அமீரகக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்யவேண்டியிருந்தது. ஆனால் அந்த இடைநீக்கம் நிகழ முடிந்ததற்குக் காரணமே மீறலை அளந்து காட்டும் விதியும் பதிவும் இருந்தமைதான். ரேக்ளாவில் மீறலை நிறுவ எந்த எண்ணும் இல்லை.

எனவே கேட்கவேண்டியவை நான்கு. முதலாவது, பரிசு ஓட்டத்துக்குப் பின் நடக்கும் மருத்துவச் சோதனைக்குப் பிறகே வழங்கப்படவேண்டும். குறித்த நேரத்துக்குள் மூச்சும் நாடியும் உடல் வெப்பமும் தணியாத இணைக்கும், குத்துக்காயமோ வால்முறிவோ காணப்படும் இணைக்கும் பரிசில்லை. இரண்டாவது, மருத்துவரை நடத்துவோர் அழைக்கக்கூடாது. மாவட்ட நிருவாகம் வேறு வட்டத்திலிருந்து அனுப்பவேண்டும், அவருக்கான செலவைப் பந்தய அனுமதிக் கட்டணத்திலிருந்து ஈடுசெய்யவேண்டும். மூன்றாவது, வென்ற இணைகளிடமும் குலுக்கலில் தேர்ந்த சில இணைகளிடமும் சிறுநீர் அல்லது இரத்த மாதிரி எடுக்கவேண்டும். நான்காவது, சாலைப் பந்தயத்தின் மைல் கணக்கு ஒழியவேண்டும். மகாராட்டிரத்தின் 1000 மீட்டர் வரம்பு குறைந்தபட்சத் தொடக்கம்.

எதிர்வாதங்கள் சில உண்டு. அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. பந்தய மாட்டை வளர்ப்பவர் அதைப் பிள்ளைபோல் பேணுகிறார் என்பது உண்மை. பருத்திக்கொட்டையும் முட்டையும் பேரீச்சையும் ஊட்டி, நீச்சல் பழக்கி, இரவில் எழுந்து பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இவ்வெல்லை நெடுகிலும் உள்ளன. டிராக்டர் வந்தபின் காளைக்கு வேலை இல்லாமற்போன நிலையில், பந்தயமே காங்கேயம் காளைக்கன்றைச் சந்தைக்கு அனுப்பாமல் காக்கிறது என்னும் வாதத்திலும் வலுவுண்டு. ஆனால் இவ்வன்பு ஓட்டத்துக்கு முன்னான பேணலில் வெளிப்படுகிறது. ஓட்டத்தின்போதோ விதியும் பரிசும் ஆள்கின்றன. நொண்டிப்போன மாட்டை வைத்துக் காப்பாற்ற எல்லா வீட்டாலும் இயலாது. பொள்ளாச்சிச் சந்தையில் விற்கப்பட்டுக் கோபாலபுரம் வழியே மேற்கே போகும் வண்டிகளில் ஏறிய மாட்டுக்கு, அது நேற்றுவரை யாருடைய பெருமையாக இருந்தது என்பது பொருளற்றது. மாட்டை நேசிப்பவருக்கே பின்சோதனை அதிகம் உதவும். விரட்டாமல் ஓட்டும் சாரதி அதனால்தான் வெல்ல முடியும்.

அத்தனை மருத்துவர்கள் எங்கே என்பது அடுத்த கேள்வி. இதற்கான விடை ஆய்வுலகின் வாசலிலேயே இருக்கிறது. 2020இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட மூன்று கால்நடை மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று உடுமலையிலும் மற்றொன்று தேனியிலும் அமைந்தன. ஒன்று கொங்கு ரேக்ளாவின் நடுவில், மற்றொன்று சாலைப் பந்தயத்தின் நடுவில். மேற்கே மண்ணுத்தியிலும் பூக்கோட்டிலும் கேரளத்தின் கல்லூரிகள் உள்ளன. மாணவர்களைக் கொண்டு ஒரு பருவத்துப் பந்தயங்களில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நாடி, மூச்சு, வெப்பம், நடை ஆகியவற்றைப் பதிவு செய்தால், எத்தனை நிமிடத்தில் எந்த இனம் மீள்கிறது என்னும் அடிப்படை அளவுகோல் கிடைக்கும். குதிரைக்கு 64 என்னும் எண் இருக்கிறது. காங்கேயம் காளைக்கும் அப்படி ஓர் எண் வேண்டும். எல்லை கடந்து வரும் குதிரைகளிடையே மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயைக் கண்காணிக்கவும், மாடுகளிடையே தோல்கழலை நோயையும் கோமாரியையும் கண்காணிக்கவும் இதே பதிவேடு பயன்படும்.

பண்பாட்டு ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு. ரேக்ளாவைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் வீரத்தையும் அடையாளத்தையும் பற்றியது. மறுநாள் காலைத் தொழுவத்தைப் பற்றியதன்று. சாரதியின் உத்தியை ஆவணப்படுத்துவோர், அவ்வுத்தி மாட்டின் எந்த மூட்டில் போய் முடிகிறது என்பதையும் ஆவணப்படுத்தினால், மரபா தடையா என்னும் பழைய வழக்கு வேறு தளத்துக்கு நகரும்.

வரும் பருவத்தில் எல்லையோரத்தின் ஏதேனும் ஒரு திடலில், ஒரே ஒரு பந்தயத்திலாவது, பரிசை அரை மணி நேரம் நிறுத்திவைத்து மாடுகளை மருத்துவர் மீண்டும் பார்க்கட்டும். அந்த அரை மணி நேரத்தை ஏற்க மறுப்பவர்கள் யார், ஏற்பவர்கள் யார் என்பது அப்போது தெரிந்துவிடும். மருத்துவரின் நேர்மையும் அன்றுதான் முதன்முறையாகச் சோதிக்கத்தக்கதாகும்.